குளிர்ந்து ஓடிய எஞ்சின்: கல்லடியில் ஒரு பிஎம்டபிள்யூ 320டி

இந்த ஆய்வில் வரும் கார் 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான பிஎம்டபிள்யூ 320டி. எஃப்30 என்று சொல்லப்படும் தலைமுறை. 2 லீற்றர் என்47 டீசல் எஞ்சின், 184 குதிரைவலு, எட்டு கியர் ஒட்டோமெட்டிக், பின்சில்லு இழுவை. உரிமையாளர் மட்டக்களப்பு கல்லடியில் குடியிருக்கும் ஒரு வைத்தியர். என்னிடம் கொண்டுவந்தபோது டாஷ்போர்டில் புகைவடிகட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சின் பாதி வலுவில்தான் இழுத்தது. அதற்கு முன் இரண்டு கராஜ்களில் காட்டியிருந்தார். ஓரிடத்தில், வடிகட்டி செத்துவிட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். மற்ற இடத்தில், அதை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளிலும் அணைத்துவிட்டால் இனிப் பிரச்சினையே இல்லை என்றார்கள்.

டொக்டர் என்னிடம் கேட்டது வேறு. “தம்பி, ஃபில்டர் அடைச்சிட்டு எண்டு எல்லாரும் சொல்றாங்க. ஏன் அடைச்சது எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. அதை முதல்ல சொல்லுங்க. மாத்துறதா வெட்டுறதா எண்டு பிறகு பாப்பம்.”

சரியான கேள்வி. கடைசியில் மாற்றவும் வேண்டியிருக்கவில்லை, வெட்டவும் வேண்டியிருக்கவில்லை. இதை விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் இப்படியொரு காரைப் புதிதாக எடுப்பது பெரும்பாலானவர்களுக்குக் கைக்கெட்டாத காரியம். அதனால் பத்துப் பன்னிரண்டு வயதான நல்ல கார்கள் இன்னும் பல வருடங்கள் ஓட வேண்டியிருக்கிறது. தவறான காரணத்தைச் சொல்லி அவற்றைக் கொல்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

வண்டியும் அதன் வழியும்

320டி நீண்ட ஓட்டத்துக்காகச் செய்யப்பட்ட கார். முன்னுக்கும் பின்னுக்கும் பாரம் ஏறக்குறையச் சரிபாதி. 380 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை குறைந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால், மன்னம்பிட்டி தாண்டி வரும் நேர்வீதியில் ஒரு லொறியை முந்துவதற்கு அக்சிலரேட்டரை அதட்டத் தேவையில்லை, தொட்டால் போதும். வளைவில் வண்டி அடங்கி நிற்கும் விதத்தை ஓட்டினால்தான் விளங்கும். டொக்டர் இதை வாங்கியதும் அதற்காகத்தான். பிள்ளைகள் கொழும்பில் படிக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது 300 கிலோமீற்றருக்கு மேல் போய்வர வேண்டும்.

மற்ற நாட்களின் கதை வேறு. காலையில் வீட்டிலிருந்து கல்லடிப் பாலத்தால் நகரத்துக்கு வந்து வைத்தியசாலை. மத்தியானம் வீடு. பின்னேரம் கிளினிக். ஒவ்வொரு ஓட்டமும் நான்கைந்து கிலோமீற்றர்தான். எஞ்சின் சூடேறத் தொடங்கும்போதே நிறுத்திவிடுகிற ஓட்டம்.

இந்த இடத்தில் டிபிஎஃப் என்கிற டீசல் துகள் வடிகட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டேர்போவுக்கு அடுத்தபடியாக, புகையின் நச்சைக் குறைக்கும் ஊக்கியோடு ஒரே கூட்டுக்குள் இருக்கும் பீங்கான் கட்டி அது. உள்ளே மெல்லிய குழாய்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு குழாயின் ஒரு முனையும் அடைபட்டிருப்பதால் புகை சுவரை ஊடுருவித்தான் வெளியேற முடியும். கரி சுவரில் தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்குப் புகையின் வெப்பத்தை 600 பாகை அளவுக்கு ஏற்ற வேண்டும். எஞ்சின் கணினி வழமையான பீச்சலுக்குப் பிறகு கொஞ்சம் டீசலை மேலதிகமாகப் பீச்சி இந்த வெப்பத்தை உண்டாக்கும். வேலை முடியப் பதினைந்து இருபது நிமிடம் சீரான ஓட்டம் வேண்டும்.

ஆனால் கணினி நினைத்த நேரமெல்லாம் இதைத் தொடங்காது. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. தாங்கியில் எரிபொருள் ரிசேர்வ் மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். முக்கியமாக, குளிரூட்டித் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 75 பாகையைத் தாண்டியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இந்தக் கார் மாட்டிக்கொண்டது.

பழைய கதை

டொக்டர் எல்லாப் பில்களையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார். வேலையில் பாதி அந்த ஃபைலில் முடிந்தது என்றே சொல்வேன்.

2022இல் எரிபொருள் நெருக்கடி. பங்கீட்டுக் கியூஆர் அட்டையில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். கொழும்புப் பயணங்கள் நின்றன. தாங்கி எப்போதும் ரிசேர்வுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கிடைத்த பம்பில் கிடைத்த டீசலை அடித்தார்கள். வடிகட்டிக்கு அது மோசமான காலம். ஆனாலும் 2023 செப்டம்பரில் கியூஆர் முறை நீங்கி, கொழும்புப் பயணங்கள் திரும்பவும் தொடங்கியதும் கார் தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டது. விளக்கு எரியவில்லை, வலு குறையவில்லை. ஊருக்குள் சேர்ந்த கரியை மாதாந்தப் பயணம் எரித்துத் தள்ளிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கொழும்பிலிருந்து திரும்பும்போது, பொலன்னறுவை கழித்து, எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது என்ற சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, குறைந்திருந்த இடத்துக்குக் குடிதண்ணீர்ப் போத்தலை ஊற்றி மெதுவாக வீடு வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாள் ஒரு கராஜில் விட்டார். வெளியில் கசிவு எதுவும் தெரியவில்லை. பில்லில் “கூலன்ட் வேலை” என்று மட்டும் எழுதியிருந்தது. அதன் பிறகு வண்டி ஒருபோதும் சூடாகவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

சில மாதங்களில் புகைவடிகட்டி விளக்கு வந்தது. “ஒரு நீண்ட பயணம் போங்கள், தானாக எரிந்து சரியாகிவிடும்” என்றார்கள். பொதுவாக நல்ல ஆலோசனைதான். டொக்டர் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்தார். விளக்கு அணையவில்லை. 600 கிலோமீற்றர் ஓடியும் எரியவில்லை என்றால் வடிகட்டியின் கதை முடிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். அங்கேதான் தவறு நடந்தது. முன்பு அதே பயணம் வடிகட்டியைச் சுத்தம் செய்திருக்கிறது. இப்போது செய்யவில்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. வடிகட்டியைக் கழற்றுவதற்கு முன் அந்த மாற்றத்தைத் தேடியிருக்க வேண்டும்.

ஸ்கேனரில் தெரிந்தது

பிழைப் பதிவுகளைப் படித்தபோது வடிகட்டியில் கரி அதிகம் என்ற பதிவு எதிர்பார்த்தபடி இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: குளிரூட்டித் தண்ணீரின் வெப்பம் எதிர்பார்த்த மட்டத்தை எட்டவில்லை. முந்தைய கராஜின் அறிக்கையிலும் இந்த வரி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அழித்திருக்கிறார்கள். மட்டக்களப்பு வெயிலில் எஞ்சின் குளிராக ஓடுகிறது என்று கணினி சொன்னால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சென்சர் பிழை என்று தள்ளிவிடுவார்கள்.

எஃப்30 டாஷ்போர்டில் தண்ணீர் வெப்பம் காட்டும் முள் கிடையாது. அளவுக்கு மேல் சூடானால் எச்சரிக்கை வரும். குறைவாக இருந்தால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஸ்கேனரைக் கொழுவி, நேரடி அளவுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால்தான் உண்டு.

அப்படியே ஓட்டினோம். கச்சான் காற்று வீசும் காலம், வெளி வெப்பம் 34 பாகை. முதலில் காத்தான்குடிப் பக்கம் போனோம். சனநெரிசல், முச்சக்கரவண்டிகள், நின்று நின்று போகும் ஓட்டம். தண்ணீர் வெப்பம் மெல்ல ஏறி 77க்கு வந்தது. திரும்பி ஏறாவூர் கடந்து வாழைச்சேனை வீதியில் 65, 70 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓடினோம். எண் 74 ஆனது, 71 ஆனது, வந்தாறுமூலை தாண்டும்போது 67. ஓட ஓட எஞ்சின் குளிர்ந்தது. டொக்டர் பக்கத்து இருக்கையில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது தலைகீழா இருக்கே” என்றார்.

தலைகீழ்தான். வடிகட்டியை எரிக்கக்கூடிய சீரான ஓட்டம் கிடைக்கும் இடத்தில் வெப்பம் நிபந்தனைக்குக் கீழே விழுந்துவிடுகிறது. நெரிசலில் வெப்பம் 75ஐத் தாண்டும்போது கணினி எரிப்பைத் தொடங்குகிறது. வண்டி நெரிசலை விட்டு வெளியே வந்ததும், அல்லது வீடு வந்து நிறுத்தியதும், அது பாதியில் நின்றுபோகிறது. ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கப் பார்ப்பது போலத்தான் நாள் முழுவதும் இந்த முயற்சி நடந்துகொண்டிருந்தது. 600 கிலோமீற்றர் ஓடியும் ஏன் எரியவில்லை என்பதற்கு இதுவே பதில்.

இந்த வெயிலில் எஞ்சின் எப்படிக் குளிரும் என்று பலர் கேட்பார்கள். எஞ்சினுக்கு வேண்டியது 88 பாகைக்கு அண்மித்த வெப்பம். 34 பாகைக் காற்று நமக்கு வெக்கை, ரேடியேட்டருக்கு நல்ல குளிர்காற்று. அதோடு இந்த வகை டீசல் எஞ்சின்கள் சிக்கனமானவை. மெதுவாக ஓடும்போது வீணாகும் வெப்பம் மிகவும் குறைவு. ஏசிக்காகக் காற்றாடி வேறு சுற்றிக்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் எஞ்சினைச் சூடாக வைத்திருப்பது ஒரேயொரு பொருள்: தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்.

கழற்றிப் பார்த்தோம். கூடு இருந்தது, உள்ளே வால்வு இல்லை. தட்டை நறுக்கி எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். நறுக்கிய விளிம்பு கைவாளால் அறுத்த மாதிரிக் கரடுமுரடாக இருந்தது. டொக்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கராஜில், “எங்கட வெயிலுக்கு இது தேவையில்ல டொக்டர், தண்ணி எப்பவும் சுத்திக்கொண்டு இருக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. பழைய லொறிகளிலும் பெற்றோல் வான்களிலும் இதை எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள், வண்டிகளும் ஓடியிருக்கின்றன. டிபிஎஃப் இல்லாத எஞ்சினில் எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், தேய்மானம் கூடும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். டிபிஎஃப் உள்ள எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுப்பது வடிகட்டிக்கு நாள் குறிப்பதற்குச் சமம்.

தண்ணீர் எங்கே போனது?

இங்கே நிறுத்தியிருந்தால் பாதி வேலைதான். தெர்மோஸ்டாட்டை வெட்டியதற்குக் காரணம் சூடானது. சூடானதற்குக் காரணம் தண்ணீர் குறைந்தது. வெளியில் கசிவு இல்லை. அப்படியானால் தண்ணீர் உள்ளே எங்கோ போகிறது. டொக்டரும் இடைக்கிடை ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அதுவும் பைப் தண்ணீர். வடித்தபோது துருநிறத்தில் வந்தது.

குளிரூட்டி அமைப்புக்குக் காற்றழுத்தம் கொடுத்து ஒரு இரவு விட்டோம். காலையில் அழுத்தம் இறங்கியிருந்தது. கீழே ஒரு துளி ஈரம் இல்லை. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் குழாயைக் கழற்றி உள்ளே கமராவை விட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. காய்ந்த தூளாக இருக்க வேண்டிய கரி, அந்தப் புகையைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலரின் வாயில் பிசின் மாதிரி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கூலருக்குள் நுண்ணிய வெடிப்பு. தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் புகைப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

இதை நான் மிகவும் பாரதூரமாக எடுத்துக்கொண்டேன், காரணம் இருக்கிறது. ஈஜிஆர் கூலரிலிருந்து கசியும் கூலன்டிலுள்ள கிளைக்கோல் கரியோடும் எண்ணெய்ப் படிவோடும் சேர்ந்தால், அதிக வெப்பத்தில் கனன்று தீப்பிடிக்கலாம். பிஎம்டபிள்யூ நிறுவனமே இதற்காக 2018 ஓகஸ்டில் ஐரோப்பாவில் 3 இலட்சத்து 24 ஆயிரம் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. அதே வருடம் ஒக்டோபரில் அந்த எண்ணிக்கை உலகளவில் 16 இலட்சமாகக் கூடியது. 2010 ஓகஸ்ட் முதல் 2017 ஓகஸ்ட் வரை தயாரிக்கப்பட்ட கார்கள் அதில் வந்தன. கைமாறி வந்த காரை வாங்கியவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச்சேருவதில்லை. சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்து விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரித்தோம். இந்தக் கார் பட்டியலில் இருந்தது, வேலை செய்யப்பட்டிருக்கவில்லை.

எது முதலில், எது பிறகு

விளக்கை அணைப்பதுதான் நோக்கம் என்றால் தெர்மோஸ்டாட்டைப் போட்டு, ஸ்கேனரில் எரிப்பைக் கேட்டு, வாழைச்சேனை வரை ஓடிவிட்டு வந்திருக்கலாம். விளக்கு அணைந்திருக்கும். ஆனால் கசியும் கூலரோடு புகையின் வெப்பத்தை 600 பாகைக்கு ஏற்றுவது தீயோடு விளையாடுவது. அதனால் ஒழுங்கை இப்படி வைத்தோம்: முதலில் ஈஜிஆர் கூலர். பிறகு தெர்மோஸ்டாட், அதோடு கூலன்ட். பிறகு எஞ்சின் ஒயில். கடைசியில்தான் வடிகட்டி. அதுவரை காரை ஓட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வேலைகளுக்காகக் கார் ஒரு கரியர் லொறியில் கொழும்புக்குப் போனது.

கூலன்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. ஊற்றினால் அலுமினியத்தை அரிக்கும், குறுகலான வழிகளில் படியும். பழையதை முழுவதும் கழுவி எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் சரியான கூலன்டைக் கலந்து ஊற்ற வேண்டும். இங்கே உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைகள்தான்.

ஒயில் இன்னும் முக்கியம். என்47க்கு 5.2 லீற்றர் போதும். இந்தக் காரிலிருந்து வடித்தபோது அதற்கு மேலேயே வந்தது. கூடுதலாக வந்தது டீசல். எரிப்பு தொடங்கித் தொடங்கிப் பாதியில் நிற்கும்போதெல்லாம் மேலதிகமாகப் பீச்சிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது. விரலில் தொட்டால் வழுவழுப்பு இல்லை, மூக்கில் வைத்தால் டீசல் மணம். இந்த நீர்த்த ஒயிலில்தான், வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயினும் ஓடுகிறது. என்47இல் செயின் இருப்பது எஞ்சினின் பின்பக்கம், கியர்பொக்ஸ் பக்கமாக. அதைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்க வேண்டும். ஆரம்பகால என்47களில் செயின் அறுந்து எஞ்சினே போன கதைகள் உலகம் முழுவதும் உண்டு. ஒரு சின்ன வால்வை வெட்டியதன் விளைவு எஞ்சினின் மிக விலையுயர்ந்த வேலைவரை எப்படிப் போகக்கூடும் என்பதை இதில் பார்க்கலாம். நல்ல வேளை, செயினில் சத்தம் எதுவும் இல்லை.

புதிய ஒயில் பிஎம்டபிள்யூ லோங்லைஃப்-04 தரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். போத்தலில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் மட்டும் போதாது. இந்தத் தரத்து ஒயிலில் சாம்பல் தரும் சேர்மானங்கள் குறைவு. கரியை எரிக்கலாம்; ஒயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டிக்குள் தங்கிவிடும்.

வெட்டி எடுப்பது பற்றி

டிபிஎஃப்பை வெட்டி எடுக்கும் யோசனையை டொக்டர் ஒரே வார்த்தையில் மறுத்தார். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் முதல் பிரிவில் சேர்த்தது. வைத்தியராக அவருக்கு அது போதுமான காரணம். எனக்கும் போதும். பாடசாலை விடும் நேரத்தில் அரசடிச் சந்தியில் பிள்ளைகள் நிற்கும் உயரத்தில்தான் நம் வாகனங்களின் சைலன்சர் இருக்கிறது.

தொழில் ரீதியாகவும் அது மோசமான வேலை. இந்தக் காரில் வெட்டியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், வலு வந்திருக்கும், டொக்டரும் சந்தோஷப்பட்டிருப்பார். எஞ்சின் தொடர்ந்து குளிராக ஓடியிருக்கும். ஈஜிஆர் கூலர் தொடர்ந்து கசிந்திருக்கும். நோயைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரேயொரு விளக்கும் போயிருக்கும்.

திரும்பி வந்த வழி

வேலை முடிந்ததும் நானே போய் காரை எடுத்து வந்தேன். வடிகட்டிக்கு முன்னும் பின்னுமுள்ள அழுத்த வித்தியாசத்தை ஐட்லிங்கில் அளந்தபோது 40 மில்லிபாரைத் தாண்டியிருந்தது. நல்ல வடிகட்டியில் அது 10க்குக் கீழே நிற்க வேண்டும். அழுத்தக் குழாய்களில் வெடிப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். கரியின் கணக்கு, கணினி எரிப்பை மறுக்கும் எல்லைக்கு இன்னும் கீழேதான் இருந்தது. எரிப்புக்கான கோரிக்கையைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

குருநாகல் வரும்வரை நெரிசல். தண்ணீர் வெப்பம் 88, 89இல் அசையாமல் நின்றது. அதைப் பார்த்ததும் பாதி நிம்மதி. தம்புள்ளை கழிந்து வீதி திறந்ததும் கியரைக் கையால் ஐந்தில் பிடித்து, சுழற்சி 2000க்குக் குறையாமல் 65, 70இல் வைத்திருந்தேன். எட்டு கியர் பெட்டியைத் தன்பாட்டில் விட்டால் அது மேல் கியருக்குப் போய்ச் சுழற்சியைக் குறைத்துவிடும். புகை சூடேற நேரமெடுக்கும். ஹபரணைக்கு முன் புகையின் வெப்பம் 600ஐத் தாண்டியது. கரியின் கணக்கு இறங்கத் தொடங்கியது. பொலன்னறுவையில் தேநீருக்கு நிறுத்த நினைத்து, நிறுத்தாமல் போனேன். எரிப்பு நடக்கும்போது நிறுத்தக் கூடாது.

வெலிக்கந்தைக்கு வரும்போது எரிப்பு முடிந்திருந்தது. கல்லடியில் ஐட்லிங்கில் அளந்தபோது 9 மில்லிபார். விளக்கு இல்லை. வலு முழுமையாக வந்திருந்தது. டொக்டர் பாலத்தில் ஏறும்போதே கண்டுபிடித்துவிட்டார். மாதங்கள் கழித்தும் அளவுகள் அப்படியே நிற்கின்றன. தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை.

செலவைப் பற்றி: உதிரிப்பாக விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் ரூபாயில் எழுதிப் பயனில்லை. தெர்மோஸ்டாட், கூலன்ட், ஒயில், கரியர் லொறி எல்லாம் சேர்த்தும் ஒரு புதிய டிபிஎஃப்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

கடற்கரையில் இருக்கும் காருக்கு வேறு சில

கல்லடி ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இரண்டு நாள் நிறுத்தினாலே பிரேக் டிஸ்க்கில் துரு தெரியும். அது முதல் சில பிரேக்கில் போய்விடும். கெலிப்பரின் வழுக்கு ஊசிகள் இறுகுவதுதான் உண்மையான தொல்லை. வருடத்துக்கு ஒரு முறை கழற்றித் துப்புரவாக்கிக் கிறீஸ் வைக்க வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும்; இரண்டு வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

பற்றரி ஏஜிஎம் வகை, டிக்கிக்குள் இருக்கிறது. குறுகிய ஓட்டத்தில் அது முழுமையாக ஏறாது. புதிது போட்டால் ஸ்கேனரால் கணினிக்குப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பற்றரிக்கு ஏற்றுவது போலவே புதியதற்கும் ஏற்றிக்கொண்டிருக்கும். டயர்கள் காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் வகை, மேலதிகச் சில்லு கிடையாது. சாதாரண டயருக்கு மாற்றினால் ஓட்டம் மென்மையாக இருக்கும், ஆனால் வெலிக்கந்தைக் காட்டுக்குள் காற்றுப் போனால் என்ன செய்வது என்பதற்கு முதலிலேயே ஓர் ஏற்பாடு வேண்டும். மாரி காலத்தில் வெள்ளம் ஓடும் வீதியில் இந்தக் காரை இறக்கவே வேண்டாம். காற்றோடு தண்ணீரை உறிஞ்சினால் கொனெக்டிங் ரொட் வளைந்து எஞ்சின் முடிந்துவிடும்.

இனிச் செய்யப்போவது

பிஎம்டபிள்யூ அட்டவணை ஒயிலுக்கு அனுமதிக்கும் இடைவெளி ஐரோப்பிய நெடுஞ்சாலை ஓட்டத்துக்குச் சரி. நான்கு கிலோமீற்றர் ஓட்டங்களுக்கு அது பொருந்தாது. இந்தக் காருக்கு 8,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீசல் எப்போதும் சுப்பர் டீசல். கந்தகம் கூடிய டீசல் வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் ஊக்கியைக் கெடுக்கும். தாங்கியில் டீசலைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விடக்கூடாது. ஒவ்வொரு சேர்விஸிலும் அழுத்த வித்தியாசத்தை அளந்து அந்த ஃபைலில் எழுத வேண்டும். சாம்பல் நிறைவது அந்த எண் மெல்ல மெல்ல ஏறுவதில்தான் தெரியும்.

கொழும்புப் பயணம் இல்லாத மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வாழைச்சேனை தாண்டி, ஓட்டமாவடியால் திரும்பி, புனானை வழியே வெலிக்கந்தை வரை போய்வரச் சொல்லியிருக்கிறேன். கல்முனைப் பக்கம் போனால் ஊருக்கு ஊர் தொட்டுக்கொண்டு வருவதால் சீரான வேகம் கிடைக்காது. புனானை வீதியில் யானை இறங்கும். பின்னேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். போகும்போது தண்ணீர் வெப்பத்தைப் பார்க்க காரின் கணினியைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி கருவியைக் கைப்பேசியோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன். 85க்குக் கீழே சீராக நின்றால் என்னைக் கூப்பிட வேண்டும்.

மிச்சமிருப்பது கியர்பொக்ஸ். இசட்எஃப் 8எச்பி பெட்டியின் ஒயிலை ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று பிஎம்டபிள்யூ சொல்கிறது. பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. இந்தக் கார் ஒன்றரை இலட்சத்தை நெருங்குகிறது. ஃபைலில் அதற்கான பில் எதுவும் இல்லை. பெட்டியின் ஒயில் வடிகட்டி, அடியிலுள்ள பிளாஸ்டிக் பானோடு ஒன்றாக வருவதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மட்டம் பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, ஒயில் 40 பாகை அளவில் இருக்கையில். நம் வெயிலில் அந்த வெப்பம் சட்டென்று கடந்துவிடும் என்பதால் விடியற்காலையில் செய்ய வேண்டிய வேலை. பானுக்கு ஓடர் கொடுத்திருக்கிறோம். பழைய பானின் அடியில் காந்தங்கள் இருக்கும். அவற்றில் ஒட்டியிருக்கும் துகள் மாவாக இருக்கிறதா, செதிலாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெட்டியைப் பற்றி டொக்டரிடம் ஏதாவது சொல்ல முடியும்.